ஈராக் போர் 2003: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2003 மார்ச் 20. சென்னையில் காலை எட்டு மணி தாண்டியிருக்கும். நான் அப்போது ஒரு மாலை நாளிதழில் உதவி ஆசிரியர். மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஏஜென்சிச் செய்தி ஒற்றை வரியாக வந்து விழுந்தது: பாக்தாத்தில் குண்டுச் சத்தம். அன்று பிறக்காத பிள்ளைகள் இன்று ஓட்டுப் போடுகிறார்கள். எங்கே புதிதாகச் சண்டை மூண்டாலும் அவர்களில் யாராவது வந்து கேட்பது ஈராக்கைப் பற்றித்தான். "அப்போ என்ன சார் நடந்துச்சு? யாருமே தடுக்கலையா?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைச் சேர்த்து எழுதிவைத்திருக்கிறேன். பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது. அதை மறைக்கவில்லை.

கே: அந்தப் போர் எதற்காக நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவும் பிரிட்டனும் வெளியே சொன்ன காரணம் இது: ஈராக் அதிபர் சதாம் உசேனிடம் ரசாயன, உயிரியல் ஆயுதங்கள் இருக்கின்றன, அணுகுண்டு செய்யவும் பார்க்கிறார், நாளைக்கு அதெல்லாம் பயங்கரவாதிகள் கைக்குப் போய்விடும். அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு நாடு முழுக்கச் சலித்துப் பார்த்துவிட்டு 2004 செப்டம்பர் இறுதியில் அறிக்கை கொடுத்தது. ஆயுதக் கையிருப்பு எதுவும் அங்கே இல்லை.

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன என்பார்கள். எண்ணெய், பழிவாங்கல், மேற்காசியாவையே திருத்தி அமைக்கும் ஆசை என்று பட்டியல் போடலாம், எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஆசை எல்லா ஆட்சியாளர்களுக்கும் உண்டு. அந்த ஆசை போராக மாறியது எப்படி என்பதுதான் என் கேள்வி. போருக்குப் போனால் உள்ளூரில் தங்களுக்கு நஷ்டம் இல்லை, எதிர்த்தால்தான் நஷ்டம் என்று வாஷிங்டனில் இரண்டு கட்சிக்காரர்களும் கணக்குப் போட்டார்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கணக்கின் விவரம்தான்.

கே: உளவுத்துறை தப்பான தகவல் கொடுத்துவிட்டது, அதனால் தலைவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்கிறார்களே?

இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தகவல் தப்பு என்பது சரி. ஏமாந்தார்கள் என்பதுதான் தப்பு.

நைஜர் நாட்டிலிருந்து சதாம் யுரேனியம் வாங்கப் பார்த்தார் என்று ஒரு கதை. 2003 ஜனவரியில் அமெரிக்க அதிபர் புஷ் தன் ஆண்டு உரையிலேயே, பிரிட்டன் சொல்கிறது என்று போட்டு, ஆப்பிரிக்க யுரேனியத்தைப் பற்றிப் பேசினார். கதைக்கு ஆதாரமாகச் சுற்றிய காகிதங்கள் சர்வதேச அணுசக்தி முகமையின் கைக்கு வந்தன. அவர்கள் சில நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள், போலி என்று. 2000-ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு கடிதத்தில் வெளியுறவு அமைச்சர் என்று கையெழுத்துப் போட்டிருந்த ஆள், அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே பதவியை விட்டுப் போனவர். நம் ஊர் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்கூட இதைவிடக் கவனமாகப் போலிப் பத்திரம் தயாரிப்பார். முகமையின் தலைவர் எல்பரதேய் மார்ச் 7 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் இதை வெளிப்படையாகச் சொன்னார். பதின்மூன்றாம் நாள் குண்டு விழுந்தது.

அடுத்தது நடமாடும் கிருமி ஆய்வகங்கள். லாரிக்குள்ளேயே கிருமி ஆயுதம் செய்கிறார்கள் என்று சொன்னவர் ஜெர்மனியில் தஞ்சம் கேட்டிருந்த ஒரே ஒரு ஈராக்கிய இன்ஜினியர். அமெரிக்க உளவுத்துறை அவருக்கு வைத்த புனைபெயர் 'கர்வ்பால்'. இந்த ஆளை நம்ப வேண்டாம் என்று ஜெர்மன்காரர்களே எச்சரித்திருந்தார்கள். 2011-இல் அவரே, நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் சொன்ன லாரிகள்தான் 2003 பிப்ரவரி 5 அன்று, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் பாதுகாப்பு சபையில் காட்டிய படங்களாக மாறின.

2002 ஜூலை 23-இல் லண்டனில் பிரதமர் டோனி பிளேர் வீட்டில் ஒரு கூட்டம். வாஷிங்டன் போய்த் திரும்பியிருந்த பிரிட்டிஷ் உளவுத் தலைவர் அங்கே சொன்னதைக் குறிப்பெழுதியவர் பதிந்து வைத்திருக்கிறார்: உளவுத் தகவல்களும் உண்மைகளும் கொள்கைக்கு ஏற்றபடி பொருத்தப்படுகின்றன. 2005-இல் அந்தக் குறிப்பு வெளியே வந்தது. முகூர்த்தத் தேதி குறித்து மண்டபமும் பிடித்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்த்த கதை இது.

கே: பாவெல் பேசிய அன்று ஒரு ஓவியத்தை மூடினார்கள் என்பது நிஜமா?

நிஜம். பாதுகாப்பு சபையின் வாசலில், நிருபர்களிடம் தலைவர்கள் பேசும் இடத்துக்குப் பின்னால், பிக்காசோவின் 'குவெர்னிக்கா' ஓவியம் திரைச்சீலையாக நெய்யப்பட்டுத் தொங்கியது. 1937-இல் ஒரு ஸ்பானிய ஊர்மீது குண்டு போட்டதைப் பற்றிய படம்: அலறும் தாய், செத்த குழந்தை, கால் உதைக்கும் குதிரை. அந்த நாட்களில் அதன்மேல் நீலத் துணி போர்த்திவிட்டார்கள். டிவி கேமராவுக்குப் பின்னணி தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஐ.நா. அதிகாரிகள் சொன்ன விளக்கம். இருக்கலாம். குதிரைக்குக் கீழே நின்று போரைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

கே: 2001 செப்டம்பரில் பயங்கரவாதத் தாக்குதலில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. ஈராக் பேச்சு ஒரு வருடம் கழித்து 2002 செப்டம்பரில்தான் சூடு பிடித்தது. ஏன்?

அன்று அதிபரின் தலைமை அதிகாரியாக இருந்த ஆண்ட்ரூ கார்டு இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். விற்பனைக் கோணத்தில் பார்த்தால் புதுச் சரக்கை ஆகஸ்டில் இறக்கமாட்டார்கள் என்றார். ஆகஸ்ட் அங்கே விடுமுறை மாதம். நாம் ஆடித் தள்ளுபடியில் புதுச் சரக்கு இறக்குவதில்லையே, அந்த மாதிரி.

நவம்பர் 5 அன்று நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தல். அதற்கு மூன்றரை வாரம் முன்பு, அக்டோபர் 10, 11 தேதிகளில், போருக்கு அனுமதி தரும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. பிரதிநிதிகள் சபையில் 296-க்கு 133, செனட்டில் 77-க்கு 23. தேர்தல் முடிந்து ஆற அமரப் பேசலாமே என்று சிலர் கேட்டார்கள். எடுபடவில்லை.

கே: எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி எதிர்த்திருக்கலாமே? அவர்கள் ஏன் தலையாட்டினார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதிலும் கொஞ்சம் நீளம்.

முதலில் 1991-க்குப் போக வேண்டும். சதாம் குவைத்தைப் பிடித்தபோது, புஷ்ஷின் அப்பாவும் அன்றைய அதிபருமான மூத்த புஷ் போருக்கு அனுமதி கேட்டார். செனட்டில் 52-க்கு 47 என்று மயிரிழையில் கிடைத்தது. ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் பெரும்பாலோர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். தரைப் போர் நூறு மணி நேரத்தில் முடிந்துவிட்டது, வெற்றி ஊர்வலங்கள் நடந்தன. எதிர்த்தவர்கள் கோழைகள்போல நின்றார்கள். அதிபர் பதவிக்கு ஆசைப்பட்டவர்கள் அந்த வடுவை மறக்கவில்லை.

2002-இல் செனட்டில் இருந்துகொண்டு வெள்ளை மாளிகைமேல் கண் வைத்திருந்தவர்களைப் பாருங்கள்: ஜான் கெர்ரி, ஜான் எட்வர்ட்ஸ், ஜோ லீபர்மேன், ஹிலாரி கிளின்டன், ஜோ பைடன். ஐந்து பேரும் ஆதரித்தார்கள். ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றிய ரகசிய மதிப்பீடு தொண்ணூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். பூட்டிய அறையில் உட்கார்ந்து படிக்கலாம். அதில் அணுசக்தி விஷயத்தில் வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு எழுதிய மறுப்பே இருந்தது. ஆனால் உள்ளே போய் முழுதாகப் படித்த செனட்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படித்தவர்களில் ஒருவரான புளோரிடாவின் பாப் கிரஹாம் எதிர்த்து ஓட்டுப் போட்டார்.

இன்னொரு ஆள் ஜார்ஜியாவின் மேக்ஸ் கிளிலாண்ட். வியட்நாமில் இரண்டு காலையும் ஒரு கையையும் இழந்தவர். ஈராக் தீர்மானத்தை ஆதரித்தும் ஓட்டுப் போட்டார். அப்படியும் அந்தத் தேர்தலில் அவருக்கு எதிரான விளம்பரம் பின்லேடன், சதாம் படங்களோடுதான் தொடங்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைப்பதில் அவர் அதிபரோடு முரண்பட்டாராம், ஆகவே தைரியம் இல்லாதவராம். தோற்றுப்போனார். மூன்று உறுப்பைக் கொடுத்தவருக்கே தேசபக்திச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

அந்த ஓட்டின் வினை வேறு மாதிரியும் வந்தது. 2002 அக்டோபர் 2 அன்று சிகாகோவில் ஒரு சிறிய கூட்டத்தில், இது முட்டாள்தனமான போர் என்று இல்லினாய் மாநில செனட்டர் ஒருவர் பேசினார். பெயர் பராக் ஒபாமா. ஆறு வருடம் கழித்து ஹிலாரியைக் கட்சிக்குள்ளேயே தோற்கடிக்க அந்த ஒரு பேச்சு அவருக்குப் பெரிய ஆயுதம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று ஒபாமா வாஷிங்டனில் இல்லை, ஓட்டுப் போட வேண்டிய இடத்திலும் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? எனக்குச் சந்தேகம் உண்டு.

கே: சாதாரண மக்கள் எப்படித் தாங்கிக்கொண்டார்கள்? பிள்ளைகள் சாகிறார்கள் அல்லவா?

யாருடைய பிள்ளைகள் என்று பார்க்க வேண்டும். வியட்நாம் காலத்தில் கட்டாய ராணுவ சேவை இருந்தது. கல்லூரி மாணவன் வீட்டுக்கே ஓலை வரும், அதனால் கல்லூரிகள் கொதித்தன. 1973-இல் அதை நிறுத்திவிட்டார்கள். 2003-இல் போனவர்கள் எல்லோரும் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். நியூயார்க் வக்கீல் வீட்டில் ஓலைக்குப் பயம் இல்லை.

பணமும் அப்படித்தான். போர் என்றால் வரி கூடும், அதுதான் வழக்கம். பாக்தாத் விழுந்து ஏழு வாரத்தில், 2003 மே 28 அன்று, புஷ் வரிக் குறைப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். போர்ச் செலவு முழுக்கக் கடன். வட்டி கட்டப்போகிறவர்களில் பலர் அன்று பால்வாடிப் பிள்ளைகள். போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று வாய்விட்டுச் சொன்ன அதிபரின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, 2002 டிசம்பரில் பதவியில் இல்லை. கடைசியில் ஆன செலவு அந்தத் தொகையைப் பல மடங்கு தாண்டியது. சில லட்சம் வீரர்கள் தேவைப்படும் என்று சொன்ன தரைப்படைத் தளபதி ஷின்செகியை, கணக்கே தெரியாதவர் என்கிற தொனியில் இரண்டே நாளில் மறுத்தார் பாதுகாப்புத் துறையின் இரண்டாம் இடத்தில் இருந்த உல்ஃபோவிட்ஸ்.

சவப்பெட்டிகள் டோவர் விமானப்படைத் தளத்தில் வந்து இறங்கும். அதைப் படம் எடுக்கத் தடை. 1991-இலிருந்தே இருந்த விதிதான், ஈராக் சமயத்தில் அதை இறுக்கினார்கள். 2009-இல்தான் தளர்ந்தது. சுமார் 4,500 அமெரிக்க வீரர்கள் இறந்த ஒரு போரின் பெரும்பகுதியில், கொடி போர்த்திய பெட்டி ஒன்றுகூட மாலைச் செய்தியில் சாதாரணமாக வரவில்லை.

மக்கள் செய்த தியாகம் ஒன்று உண்டு. பிரான்ஸ் போரை எதிர்த்ததால், நாடாளுமன்றக் கேன்டீனில் 'பிரெஞ்சு ஃபிரைஸ்' என்ற உருளைக்கிழங்கு வறுவலின் பெயரைச் 'சுதந்திர ஃபிரைஸ்' என்று மாற்றினார்கள். கிழங்கு அதே கிழங்கு.

கே: சரி, எண்ணெய்க்காகத்தானே எல்லாம்?

பாதி சரி. பாக்தாத்தில் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டு ஆயிரக்கணக்கான தொல்பொருள்கள் போனபோது, எண்ணெய் அமைச்சக வாசலில் மட்டும் அமெரிக்க டாங்கிகள் நின்றன. துணை அதிபர் டிக் செனி முன்பு தலைமை வகித்த ஹாலிபர்ட்டன் என்ற எண்ணெய்த் துறை நிறுவனத்துக்குப் போட்டி டெண்டர் இல்லாமல் வேலை கிடைத்தது. ஆனால் 2009-இல் ஈராக் தன் எண்ணெய் வயல்களை ஏலம் விட்டபோது பெரிய ஒப்பந்தங்களில் சீன, ரஷ்ய, பிரிட்டிஷ் நிறுவனங்களும் முன்னால் நின்றன. எண்ணெய்க்காக மட்டும் போனார்கள் என்றால் அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

கே: சதாமை நல்லவர் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் குர்து மக்கள்மீது விஷவாயு போட்டு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற ஆட்சி அது. ஆனால் 1983 டிசம்பரில் ஈரானோடு அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, புன்னகையோடு கைகுலுக்க பாக்தாத்துக்கு வந்த அமெரிக்கத் தூதர் யார் தெரியுமா? டொனால்டு ரம்ஸ்ஃபெல்ட். இருபது வருடம் கழித்து அதே ரம்ஸ்ஃபெல்ட் பாதுகாப்பு அமைச்சராகப் படை அனுப்பினார்.

கே: பத்திரிகைகள் என்ன செய்துகொண்டிருந்தன?

2002 செப்டம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். காலையில் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி: ஈராக் அலுமினியக் குழாய்கள் வாங்கப் பார்த்தது, அணுகுண்டுக்காக. சொன்னது பெயர் சொல்லாத அரசு அதிகாரிகள். அதே காலை செனி டிவியில் உட்கார்ந்து, பாருங்கள் நியூயார்க் டைம்ஸிலேயே வந்திருக்கிறது என்றார். தானே வைத்த மொய்யைத் தானே வாசித்துக் காட்டுவது மாதிரி. அந்தக் குழாய்கள் சாதாரண ராக்கெட்டுக்கானவை என்று அமெரிக்க எரிசக்தித் துறை நிபுணர்கள் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். 2004 மே 26 அன்று அந்தப் பத்திரிகை தன் செய்திகளில் கவனம் போதவில்லை என்று ஒரு குறிப்பு வெளியிட்டது, பத்தாம் பக்கத்தில். நைட் ரிடர் என்ற செய்தி நிறுவனத்தின் இரண்டு மூன்று நிருபர்கள் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் எழுப்பி எழுதினார்கள். தலைநகரில் அவர்களுக்குச் சொந்தமாகப் பத்திரிகை இல்லை, அதனால் முடிவெடுப்பவர்கள் கண்ணில் படவில்லை.

எங்களையும் சொல்ல வேண்டும். ஏஜென்சிச் செய்தியில் "வைத்திருப்பதாகக் கூறப்படும் பேரழிவு ஆயுதங்கள்" என்று வரும். நானே அப்படித்தான் மொழிபெயர்ப்பேன். தலைப்பு மூன்று பத்தி அகலம், எழுத்து பெரியது, சொல் அடங்காது. முதலில் வெட்டுப்படுவது "வைத்திருப்பதாகக் கூறப்படும்". மிச்சம் இருப்பது "ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள்". யாரும் எங்களை மிரட்டவில்லை, பணம் கொடுக்கவில்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவோடு சேர்ந்த நாடுகளின் படையைக் 'கூட்டணிப் படை' என்று எழுதிக்கொண்டிருந்தோம். கடைசி நேரத்தில் சீட்டுக்காகச் சேர்கிற கூட்டணிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல் பொருத்தமாகத்தான் இருந்தது.

2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கருத்துக்கணிப்பில் 69 சதவீத அமெரிக்கர்கள், கோபுரத் தாக்குதலில் சதாமுக்குப் பங்கு இருக்கலாம் என்று நம்பினார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது.

கே: உலகம் முழுக்க ஊர்வலம் போனார்களே, அது ஏன் பலிக்கவில்லை?

2003 பிப்ரவரி 15 அன்று நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். லண்டனில் மட்டும் போலீஸ் கணக்கிலேயே ஏழரை லட்சம் பேர். பிளேரின் சொந்தக் கட்சியில் 139 எம்.பி.க்கள் எதிர்த்து நின்றார்கள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் அமைச்சர் பதவியை விட்டார். அப்படியும் மார்ச் 18 அன்று 412-க்கு 149 என்று தீர்மானம் நிறைவேறியது, காரணம் எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி பிளேருக்கு முட்டுக் கொடுத்தது. தெருவில் இருந்த கோபத்துக்கு ஓட்டுப்பெட்டியில் போய் விழ இடமே இல்லை.

துருக்கியில் வேறு கதை. வடக்கிலிருந்து ஈராக்குக்குள் நுழைய 62,000 அமெரிக்கப் படையினரை அனுமதிக்க வேண்டும், பதிலுக்குப் பல நூறு கோடி டாலர் உதவி. ஆளுங்கட்சிக்கு சபையில் அசுரப் பெரும்பான்மை. மார்ச் 1 அன்று ஓட்டு: ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. முதலில் நிறைவேறிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். பிறகு யாரோ விதியைப் பார்த்தார்கள், வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும், அதாவது 267. மூன்று ஓட்டில் தோற்றது. தளவாடம் ஏற்றிய அமெரிக்கக் கப்பல்கள் துருக்கிக் கரைக்கு எதிரே வாரக்கணக்கில் மிதந்துவிட்டுச் சூயஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு குவைத்துக்குப் போயின. அங்காராவில் அன்று சபைக்கு வெளியே பல்லாயிரம் பேர் கூடியிருந்தார்கள். ஊர்வலம் பலிக்காது என்பவர்களுக்கு நான் இந்த மூன்று ஓட்டைச் சொல்வேன்.

ஸ்பெயினில் மக்கள் எதிர்த்தும் பிரதமர் அஸ்னார் புஷ் பக்கம் நின்றார். 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளூர் பாஸ்க் தீவிரவாதிகள்தான் என்று அரசு சாதித்தது, காரணம் மூன்று நாளில் தேர்தல். சாயம் வெளுத்தது, ஆட்சி போனது, படை திரும்பியது.

கே: போருக்குப் பிறகு ஈராக்கில் என்ன தப்பு நடந்தது?

பெரிய தப்பு ஒரே வாரத்தில் நடந்தது. நிர்வாகியாக வந்த பால் பிரெமர் 2003 மே 16 அன்று முதல் ஆணை போட்டார்: சதாமின் பாத் கட்சிப் பொறுப்பாளர்களுக்கு அரசு வேலை கிடையாது. கட்சி அட்டை இல்லாமல் பதவி உயர்வு இல்லாத நாடு அது, ஆகவே பள்ளி ஆசிரியர்கள்கூடத் தெருவுக்கு வந்தார்கள். மே 23 அன்று இரண்டாம் ஆணை: ராணுவம் கலைக்கப்பட்டது. லட்சக்கணக்கான ஆண்கள், கையில் துப்பாக்கி, மாதச் சம்பளம் இல்லை, அவமானம் நிறைய. பத்து வருடம் கழித்து ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற பெயரில் வந்த படையின் தளபதிகளில் பலர் சதாம் ராணுவத்தின் பழைய அதிகாரிகள்.

செத்த பொதுமக்களின் எண்ணிக்கை பற்றிச் சண்டையே உண்டு. பெயரும் செய்தியும் வைத்துத் தலை எண்ணும் கணக்கிலேயே 1,80,000-க்கு மேல் போகிறது. எண்ணப்படாதவர்கள் தனி.

கே: யாராவது தண்டனை அனுபவித்தார்களா?

புஷ் 2004-இல் மறுபடி ஜெயித்தார். பிளேர் 2005-இல் மறுபடி ஜெயித்தார். 2004 டிசம்பர் 14 அன்று உளவுத் தலைவர் டெனட், படையை நடத்திய ஜெனரல் ஃபிராங்க்ஸ், பிரெமர் மூவருக்கும் நாட்டின் மிக உயர்ந்த சிவிலியன் பதக்கம் கழுத்தில் ஏறியது. உல்ஃபோவிட்ஸ் உலக வங்கித் தலைவரானார். ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளுக்குச் செய்த கொடுமைக்காக உள்ளே போனவர்கள் கீழ்நிலைச் சிப்பாய்கள். பிரிட்டனில் இந்தப் போரைப் பற்றிய சில்காட் விசாரணை ஏழு வருடம் நடந்து, 26 லட்சம் சொற்களில் 2016-இல் அறிக்கை வந்தது. போர் முடிவெடுப்பதற்கு எட்டு மாதம் முன்பே, எது நடந்தாலும் உங்களோடு இருப்பேன் என்று பிளேர் புஷ்ஷுக்கு எழுதிய கடிதம் அதில் அச்சாகியிருக்கிறது. பிளேர் வருத்தம் தெரிவித்தார். வீட்டுக்குப் போனார்.

கே: இந்தியா என்ன நிலை எடுத்தது?

சொல்லும்போதே சிரிப்பு வரும். நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். எதிர்க்கட்சிகளுக்கு 'கண்டனம்' என்ற கடுமையான ஆங்கிலச் சொல் வேண்டும். வாஜ்பாய் அரசுக்கு 'வருந்துகிறோம்' அளவுக்கு மெத்தென்ற சொல் வேண்டும். இழுபறி. கடைசியில் இந்தியில் 'நிந்தா' என்று போட்டார்கள். கண்டனம் என்றும் படிக்கலாம், வருத்தம் என்றும் படிக்கலாம். ஆங்கிலப் பிரதியில் மென்மையான சொல்லே நின்றது. எங்கள் மேசையில் இதைத் தமிழாக்குவதற்குள் உயிர் போய்விட்டது. நிந்தனை என்றால் தமிழில் வசவு, ஆனால் நிந்தாஸ்துதி என்று ஒன்றும் இருக்கிறது, திட்டுவதுபோலப் புகழ்வது. கடைசியில் 'கண்டனம்' என்றே போட்டோம். தீர்மானம் ஏப்ரல் 8 அன்று ஒருமனதாக நிறைவேறியது. மறுநாள் பாக்தாத் வீழ்ந்தது.

பிறகு வடக்கு ஈராக்குக்குச் சுமார் 17,000 இந்திய வீரர்களை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. தில்லியில் கொஞ்சம் சபலம் இருந்தது. ஜூலை 14 அன்று அமைச்சரவைக் குழு, ஐ.நா. ஆணை வெளிப்படையாக இல்லாமல் முடியாது என்று மறுத்துவிட்டது. அந்த வருடக் கடைசியில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலங்களில் தேர்தல், அடுத்து மக்களவைத் தேர்தல். ஈராக்கிலிருந்து ஜெய்ப்பூருக்குச் சவப்பெட்டி வந்தால் என்ன ஆகும் என்று யாரோ கணக்குப் போட்டிருப்பார்கள். ஓட்டுக் கணக்கு என்றாலே நாம் முகம் சுளிக்கிறோம். அன்று நம் வீரர்களைக் காப்பாற்றியதில் அந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

கே: அப்படியானால் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை, இல்லையா?

2014 ஜூனில் ஐ.எஸ். மொசூலைப் பிடித்தது. திக்ரித் மருத்துவமனையில் சிக்கிய 46 நர்சுகள் ஜூலையில் கொச்சிக்கு வந்து இறங்கினார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் மலையாளிகள், அந்த ஒருவர் தூத்துக்குடிப் பெண். அந்தப் படத்தை எல்லாப் பத்திரிகையும் போட்டது.

அதே ஜூனில் மொசூலில் கட்டட வேலைக்குப் போயிருந்த 40 இந்தியத் தொழிலாளர்களும் பிடிபட்டார்கள். பெரும்பாலோர் பஞ்சாபிகள், மற்றவர்கள் பிகார், இமாச்சல், மேற்கு வங்கம். ஒருவர் தப்பி வந்து, எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சுட்டுவிட்டார்கள், நான் பிணம்போலக் கிடந்து பிழைத்தேன் என்றார். அரசு அவர் சொன்னதை ஏற்கவில்லை. உயிரோடு இருப்பதாகத் தகவல் என்று வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் சொன்னார். 2017 ஜூலையில் மொசூல் மீட்கப்பட்ட பிறகு, பாதுஷ் சிறையில் இருக்கலாம் என்றார். சிறை ஏற்கனவே தரைமட்டம். அதே ஊர் மண்மேட்டில்தான், ராடார் வைத்துத் தேடி, 39 உடல்கள் கிடைத்தன. நீண்ட முடியும், கையில் போட்டிருந்த காப்பும் முதல் அடையாளம்.

சுஷ்மா இதை மாநிலங்களவையில் அறிவித்தது 2018 மார்ச் 20 அன்று. போர் தொடங்கி அன்றோடு சரியாகப் பதினைந்து வருடம். பல குடும்பங்கள் டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டன. எங்களிடம் முதலில் சொல்லக் கூடாதா என்று கேட்டார்கள். அவைக்கு முதலில் சொல்வதுதான் மரபு என்று பதில் வந்தது. ஏப்ரல் 2 அன்று பெட்டிகள் அமிர்தசரஸில் இறங்கின. நிவாரணம் என்ன, வீட்டுக்கொருவருக்கு வேலை உண்டா என்று நிருபர்கள் கேட்டபோது, உடன் வந்த இணையமைச்சர் வி.கே. சிங், இது பிஸ்கட் பங்கிடும் வேலை இல்லை என்றார்.